ஒற்றை வரிசையில் துகள்கள்: இட ஒட்டுறவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடிகள் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கத்தின் பொருள் ஏற்கெனவே பாதி தெரியும். முன்னால் இடம் இருந்தால் ஓர் அடி வைக்கலாம், இல்லாவிட்டால் நிற்கவேண்டும். பின்வாங்குவதும் இல்லை, முந்திப் போவதும் இல்லை. இந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு இயற்பியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் போட்டு வருகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இதை ஆய்வுத்திட்டமாக எடுத்த மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியும், நிகழ்தகவு ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

எந்த மாதிரியைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரு வரிசையில் தளங்கள் இருக்கின்றன. ஒரு தளத்தில் ஒரு துகள் இருக்கலாம் அல்லது அது காலியாக இருக்கலாம். ஒவ்வொரு துகளும் ஓர் அலகு நேரத்துக்குச் சராசரியாக ஒரு முறை வலப்பக்கம் தாவப் பார்க்கும். அடுத்த தளம் காலியாக இருந்தால் தாவும், நிறைந்திருந்தால் அந்த முயற்சி வீண். இதன் ஆங்கிலப் பெயரின் (totally asymmetric simple exclusion process) முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாசெப்' (TASEP) என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

இதன் முதல் வடிவத்தை 1968இல் மெக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் மூவரும் எழுதினார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது போக்குவரத்து அல்ல, ஆர்என்ஏ இழைமேல் ஊர்ந்து புரதம் கோக்கும் ரைபோசோம்கள். கணிதப் பக்கத்தில் 1970இல் ஸ்பிட்சர் இதற்கு அடித்தளம் போட்டார்.

வரிசையின் இரு முனைகளையும் ஒட்டினால் வளையம். அதில் துகள்களின் எண்ணிக்கை மாறாது. முனைகளைத் திறந்துவிட்டால் இடப்பக்கம் ஆல்ஃபா என்ற வீதத்தில் துகள் நுழையும், வலப்பக்கம் பீட்டா என்ற வீதத்தில் வெளியேறும். இதைத் திறந்த வரிசை என்போம்.

இட ஒட்டுறவு என்றால் கணக்கில் என்ன?

இரண்டு தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நிறைந்திருக்கும் நிகழ்தகவிலிருந்து, தனித்தனியே நிறைந்திருக்கும் நிகழ்தகவுகளின் பெருக்கலைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஒட்டுறவு. பூஜ்யம் வந்தால் ஒன்றின் நிலையை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. மிகை எண் வந்தால் இரண்டும் சேர்ந்தே நிறைகின்றன. குறை எண் வந்தால் ஒன்று நிறைந்திருக்கும்போது மற்றது காலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சொல்ல எளிதுதான். சிக்கல் என்னவென்றால், ஒட்டுறவு பூஜ்யமாக இல்லாமல் போவதற்குக் காரணங்கள் பல. துகள்களின் எண்ணிக்கையைப் பூட்டி வைத்திருப்பது ஒரு காரணம். நகர்த்தும் முறை இன்னொன்று. எல்லைகள் மற்றொன்று. காலியான பகுதியையும் நெரிசலான பகுதியையும் பிரிக்கும் ஓர் அடர்த்திச் சுவர் அங்குமிங்கும் அலைவது வேறொன்று. எல்லாமே வரைபடத்தில் ஒரு வளைகோடாகத்தான் வந்து நிற்கும். எண்ணைக் கண்டதும் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதுதான் இந்தத் துறையில் பாதி வேலை.

கையால் போட்டுப் பார்க்கும் அளவுக்குச் சின்ன உதாரணம் உண்டா?

உண்டு. நிரல் எழுதுவதற்கு முன் இதை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டே தளங்கள் கொண்ட திறந்த வரிசை. ஆல்ஃபா 1, பீட்டா 1. நிறைந்த தளத்தை 1 என்றும் காலித் தளத்தை 0 என்றும் எழுதினால் நிலைகள் நான்கு: 00, 10, 01, 11.

00 இலிருந்து 10க்கு மட்டும் போகலாம். 10 இலிருந்து 01க்கு. 01 இலிருந்து இரண்டு வழி: புதுத்துகள் நுழைந்தால் 11, இருப்பது வெளியேறினால் 00. 11 இலிருந்து 10க்கு. எல்லா வீதமும் 1. ஒவ்வொரு நிலைக்கும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம் என்று எழுதினால், 10க்கு நிகழ்தகவு 2/5, மற்ற மூன்றுக்கும் ஆளுக்கு 1/5 என்று விழும்.

இப்போது முதல் தளம் நிறைந்திருக்கும் நிகழ்தகவு 2/5 + 1/5 = 3/5. இரண்டாவது தளத்துக்கு 2/5. இரண்டும் சேர்ந்து நிறைந்திருப்பது 1/5. பெருக்கல் 6/25. ஆக ஒட்டுறவு 1/5 − 6/25 = −0.04. ஓட்டம், அதாவது ஓர் அலகு நேரத்தில் ஓர் இணைப்பைக் கடக்கும் துகள்களின் எண்ணிக்கை, 2/5.

உங்கள் நிரலில் தளங்களின் எண்ணிக்கையை 2 என்று வைத்து ஓட்டினால் இந்த எண்கள் எல்லாம் வரவேண்டும். வராவிட்டால் 200 தளங்களுக்குப் போவதில் பயனில்லை.

வளையத்தில் எல்லாத் தூரத்திலும் −0.00126 என்றே வருகிறது. நிரலில் பிழையா?

இல்லை, அதுதான் சரியான விடை. 200 தளங்களில் 100 துகள்களை வைத்திருப்பீர்கள்.

வளையத்தில், தளங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து நகர்த்தும் முறையில், எல்லா அமைப்புகளுக்கும் (எந்தெந்தத் தளம் நிறைந்திருக்கிறது என்ற ஏற்பாடுகளுக்கும்) ஒரே நிகழ்தகவு. துகள்களுக்கு ஒன்றையொன்று பற்றி எந்த நினைவும் இல்லை. ஆனால் மொத்தம் 100தான் என்று நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஓரிடத்தில் ஒன்று இருந்தால் மீதி 199 தளங்களுக்கு மிஞ்சுவது 99தான். அந்தச் சிறு பற்றாக்குறைதான் குறை எண்ணாக வருகிறது: −(அடர்த்தி × (1 − அடர்த்தி)) / (தளங்கள் − 1). அடர்த்தி என்பது ஒரு தளம் நிறைந்திருக்கும் நிகழ்தகவு, இங்கே 0.5. அதாவது −0.25/199 = −0.001256. தூரத்தைப் பொறுத்து மாறாது. வளையத்தைப் பெரிதாக்கினால் மறையும். இதை 'நீள்தூர ஒட்டுறவு கண்டுபிடித்தோம்' என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். எழுதுபவர்கள் உண்டு.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. எல்லா அமைப்புக்கும் ஒரே நிகழ்தகவு என்பதால், இயக்கமே இல்லாமல் 100 ஒன்றுகளையும் 100 பூஜ்யங்களையும் சீட்டுக்கட்டுபோல் கலைத்து, ஒட்டுறவு கணக்கிடும் பகுதியை மட்டும் தனியாகச் சோதிக்கலாம். அங்கே −0.001256 வந்து, முழு நிரலில் வராவிட்டால் குற்றம் நகர்த்தும் பகுதியில் இருக்கிறது.

ஒரே ஓர் அமைப்பில் இந்த அளவின் ஏற்றத்தாழ்வு சுமார் 0.018. அதை 0.0001க்குக் குறைக்க ஏறக்குறைய 31,000 தனித்த அமைப்புகள் வேண்டும். 500 அமைப்புகளை எடுத்துவிட்டு வளைகோடு ஏன் கரடுமுரடாக இருக்கிறது என்று கேட்பதில் நியாயமில்லை.

எல்லாத் துகள்களையும் ஒரே சமயத்தில் நகர்த்தினால் என்ன ஆகும்?

அது வேறு மாதிரி. ஒரு மணியடித்ததும், முன்னால் இடம் உள்ள ஒவ்வொரு துகளும் ஒரு குறிப்பிட்ட நிகழ்தகவில் தாவுகிறது என்று வையுங்கள். தாவும் நிகழ்தகவு 0.5, அடர்த்தி 0.5 என்றால், ஒட்டுறவைப் புறக்கணித்த கணக்கு ஓட்டம் 0.125 என்று சொல்லும். மிக நீண்ட வளையத்தில் சரியான விடை 0.1464. வித்தியாசம் முழுவதும் பக்கத்துத் தளங்களின் ஒட்டுறவிலிருந்து வருகிறது.

ஓட்டத்தைத் தாவும் நிகழ்தகவால் வகுத்தால், 'நிறைந்தது, அடுத்தது காலி' என்ற ஜோடியின் நிகழ்தகவு கிடைக்கும்: 0.2929. எந்த ஒட்டுறவும் இல்லையென்றால் அது 0.25 ஆக இருந்திருக்கும். அதாவது ஒவ்வொரு துகளும் தனக்கு முன்னால் ஒரு காலியிடத்தை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த தளங்களுக்கு ஒட்டுறவு −0.0429, ஒரு தளம் விட்டுப் பார்த்தால் +0.0074, ஒவ்வொரு படியிலும் −0.1716 ஆல் பெருக்கிக்கொண்டே போனால் போதும். மூன்றாவது தளத்துக்குப் பிறகு இரைச்சலில் காணாமல் போய்விடும்.

நகர்த்தும் முறையைக் குறிப்பிடாமல் 'டாசெப் வளையத்தில் ஒட்டுறவு இல்லை' என்று எழுதுவது அரைகுறை வாக்கியம்.

திறந்த வரிசையில் என்னென்ன நிலைகள்?

மூன்று. நுழைவு மந்தமாக இருந்தால் (ஆல்ஃபா அரைக்கும் குறைவு, பீட்டாவைவிடவும் குறைவு) அடர்த்தி ஆல்ஃபாவுக்குச் சமம். வரிசை காலியாக ஓடும். வெளியேற்றம் மந்தமாக இருந்தால் அடர்த்தி 1 − பீட்டா; வரிசை அடைந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரிலிருந்து மலேசியா செல்லும் கடற்பாலத்தில் ஜொகூர் பாருவை நோக்கி நிற்கும் வாகனங்களின் நிலை இந்த இரண்டாவது வகை: பாலத்தில் குறையொன்றும் இல்லை, கடைசியில் இருக்கும் சோதனைச்சாவடியின் பீட்டாதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இரண்டு வீதமும் அரைக்கு மேல் இருந்தால் மூன்றாவது நிலை. ஓட்டம் 1/4, அதற்குமேல் ஏறாது. அதை உச்ச ஓட்ட நிலை என்போம்.

ஆல்ஃபாவும் பீட்டாவும் கூட்டி 1 வந்தால் ஒரு விசேஷம்: எந்தத் தளத்துக்கும் எந்தத் தளத்துக்கும் ஒட்டுறவே இல்லை, எந்த நீளத்திலும். ஆல்ஃபா 0.3, பீட்டா 0.7 என்று வைத்தால் எல்லாத் தளத்திலும் அடர்த்தி 0.3, ஓட்டம் 0.21. நிரலைச் சோதிக்க இதைவிட நல்ல புள்ளி கிடையாது.

ஆல்ஃபாவும் பீட்டாவும் சமமாக, இரண்டும் சிறிதாக இருந்தால் ஒட்டுறவு மிகப் பெரிதாக வருகிறதே, ஏன்?

இந்த மாதிரியில் மிகவும் சுவையான இடம் இதுதான். மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான்.

இரண்டையும் 0.2 என்று வையுங்கள். இடப்பக்கம் அடர்த்தி 0.2, வலப்பக்கம் 0.8, நடுவில் கூர்மையான ஓர் அடர்த்திச் சுவர். சுவருக்கு இடமும் வலமும் ஓட்டம் ஒன்றே, 0.16. அதனால் சுவரை எந்தப் பக்கமும் தள்ள ஆளில்லை. குடித்தவன் நடைபோல அது இங்கும் அங்கும் தள்ளாடுகிறது. நெடுநேரம் பார்த்தால் வரிசையின் எந்த இடத்திலும் அது இருக்க ஒரே வாய்ப்பு.

சராசரி எடுத்தால் என்ன ஆகும்? கூர்மையான சுவர் காணாமல் போய், 0.2 இலிருந்து 0.8 வரை ஒரு நேர்கோடு வரும். எந்த நொடியிலும் வரிசை அப்படி இருந்ததே இல்லை. அந்த நேர்கோட்டை வைத்து ஒட்டுறவு கணக்கிட்டால், இடமிருந்து கால்பங்கில் ஒரு தளம், முக்கால்பங்கில் ஒரு தளம் என்றால் 0.36 × 0.25 × 0.25 = +0.0225. பொதுவாக, இடத்தளம் வரிசையில் எந்தப் பங்கில் இருக்கிறதோ அதையும், வலத்தளத்திலிருந்து வலமுனைவரை உள்ள பங்கையும் பெருக்கி, அதை அடர்த்தி வித்தியாசத்தின் வர்க்கமான 0.36ஆல் பெருக்கவேண்டும். வரிசையை எவ்வளவு நீட்டினாலும் இந்த எண் குறையாது.

தூரத்தில் உள்ள இரண்டு துகள்கள் ஒன்றையொன்று உணர்கின்றனவா என்றால், இல்லை. கால்பங்கில் இருக்கும் தளம் நெரிசலில் இருக்கிறது என்று தெரிந்தால், சுவர் அதற்கும் இடப்பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் முக்கால்பங்கும் நிச்சயம் நெரிசலில் இருக்கும். இரண்டு தளங்களும் பகிர்ந்துகொள்வது சுவரின் இருப்பிடம் என்ற ஒரே தகவலைத்தான். ஒவ்வொரு அமைப்பிலும் சுவரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தூரத்தை அளந்து சராசரி எடுத்தால், இந்த ஒட்டுறவு கரைந்துபோவதைப் பார்க்கலாம்.

ஒப்பிட இன்னொன்று. துகள்கள் இரு பக்கமும் சம வீதத்தில் தாவும் சமச்சீர் மாதிரியில், முனைகளில் வெவ்வேறு அடர்த்தியை வைத்தால், 1983இல் ஸ்போன் காட்டியபடி அதே வடிவத்தில் ஒட்டுறவு வருகிறது. ஆனால் குறி மாறி, தளங்களின் எண்ணிக்கையால் வகுபட்டு வரும். முனைகளில் 1, 0 என்ற அடர்த்தியும் 100 தளங்களும் என்றால், அதே கால்–முக்கால் ஜோடிக்கு −0.000625. வடிவம் ஒன்று, காரணம் வேறு, அளவோ முப்பத்தாறு மடங்கு வேறு.

உச்ச ஓட்ட நிலையில் ஒட்டுறவு எப்படி?

இங்கே எல்லையின் நிழல் வெகுதூரம் விழுகிறது. இடமுனையிலிருந்து உள்ளே போகப்போக அடர்த்தி அரையை நோக்கி இறங்குகிறது, ஆனால் தூரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில்தான். மிக நீண்ட வரிசையில் 25ஆவது தளத்தில் இன்னும் 0.556. 100 தள வரிசையில் அதே 25ஆவது தளத்தில் இதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மறுமுனையின் இழுப்பும் சேர்ந்து அங்கே 0.533தான் இருக்கும்.

ஆல்ஃபா, பீட்டா இரண்டும் 1 என்றால் ஓட்டத்துக்கு எளிய சூத்திரம் உண்டு: தளங்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதை (தளங்களின் இரு மடங்கு + 1) இன் இரு மடங்கால் வகுக்கவேண்டும். 2 தளங்களுக்கு 4/10, முன்பு கையால் போட்டதே. 100 தளங்களுக்கு 102/402 = 0.25373.

அடுத்தடுத்த தளங்களின் ஒட்டுறவைத் தனியாக அளக்கவே வேண்டாம். ஓட்டம் என்பதே 'இது நிறைந்து அடுத்தது காலியாக இருக்கும்' நிகழ்தகவு. எனவே இரண்டும் நிறைந்திருக்கும் நிகழ்தகவு = இந்தத் தளத்தின் அடர்த்தி − ஓட்டம். 100 தள வரிசையின் நடுவில் இதைப் போட்டால் ஒட்டுறவு சுமார் −0.003 வரும். சிமுலேஷனில் நேரடியாக அளந்ததும் இப்படிக் கணக்கிட்டதும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகாவிட்டால், ஏதோ ஓர் எண்ணியில் தவறு.

வரிசையின் ஒரு பகுதியில் உள்ள துகள்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவதும் இந்த நிலையில் வழக்கமான மணி வடிவத்தில் இல்லை. டெரிடா, எனோ, லெபோவிட்ஸ் 2004இல் காட்டியது: அது ஒரு பிரௌனியன் அலைவும் (தற்செயல் நடையும்), பூஜ்யத்துக்குக் கீழே இறங்காத ஒரு பிரௌனியன் அலைவும் சேர்ந்தது.

திறந்த வரிசைக்கு நிரலை எப்படி எழுதுவது? எங்கே தவறுகிறது?

100 தளங்கள் என்றால் 101 இணைப்புகள்: நுழைவு ஒன்று, உள்ளே 99, வெளியேற்றம் ஒன்று. 0 முதல் 100 வரை ஓர் எண்ணைத் தற்செயலாக எடுங்கள். 0 வந்தால், முதல் தளம் காலியாக இருக்கும்போது ஆல்ஃபா நிகழ்தகவில் அதை நிரப்புங்கள். 100 வந்தால், கடைசித் தளம் நிறைந்திருக்கும்போது பீட்டா நிகழ்தகவில் காலியாக்குங்கள். வேறு எண் வந்தால், அந்தத் தளம் நிறைந்து அடுத்தது காலியாக இருந்தால் நகர்த்துங்கள். இப்படி 101 முயற்சிகள் சேர்ந்தது ஓர் அலகு நேரம்.

இந்தக் கடைசி வரியில்தான் அதிகமானோர் சறுக்குகிறார்கள். 100 முயற்சியை ஓர் அலகு என்று எழுதிவிட்டு, இணைப்பை மட்டும் 101இலிருந்து எடுப்பார்கள். ஓட்டம் 0.2537க்குப் பதில் 0.2512 வரும். ஒரு விழுக்காடுதான் வித்தியாசம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன 'அடர்த்தி − ஓட்டம்' கணக்கில் 0.0025 பிழை என்பது விடையையே விழுங்கிவிடும்.

இரண்டாவது தவறு, தளங்களை இடமிருந்து வலமாக வரிசையாகப் பார்ப்பது. முதல் தளத்தில் இருந்த துகள் இரண்டுக்குத் தாவும். உடனே நீங்கள் இரண்டைப் பார்ப்பீர்கள், அது மூன்றுக்குத் தாவும். இப்படியே ஒரே வீச்சில் மறுமுனை போய்ச் சேரும். வலமிருந்து இடமாகப் பார்த்தால் இந்தக் கூத்து நடக்காது, ஆனால் அதுவும் டாசெப்பின் அசல் முறை அல்ல. அதன் ஒட்டுறவு வேறு.

மூன்றாவது, திறந்த வரிசையில் எல்லாத் தளங்களுக்கும் ஒரே பொதுச் சராசரி அடர்த்தியைக் கழிப்பது. அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும்போது அப்படிக் கழித்தால் இல்லாத ஒட்டுறவு முளைக்கும். அந்தந்தத் தளத்தின் சராசரியைத்தான் கழிக்கவேண்டும்.

நான்காவது, இடத்தை மிச்சப்படுத்தத் தளங்களை 8 பிட் எண்களாக வைத்துக்கொண்டு, கூட்டுத்தொகை சேரும் அணியையும் அதே வகையில் வைப்பது. 255க்கு மேல் போனதும் எண் சத்தமில்லாமல் 0க்குத் திரும்பிவிடும். தளங்கள் 8 பிட்டில் இருக்கட்டும், கூட்டுத்தொகை 64 பிட்டில் இருக்கவேண்டும்.

இன்னொன்று: எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது எட்டுக்கும் ஒரே தொடக்க விதையைக் கொடுத்தால், எட்டும் ஒரே விடையைச் சொல்லும். பிழைக்கோடு பூஜ்யம் என்று பார்த்து மகிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் ஓட்டவேண்டும்?

வளையத்திலும் உச்ச ஓட்ட நிலையிலும், பழைய நிலையை மறக்க ஆகும் நேரம் தளங்களின் எண்ணிக்கையை 1.5 அடுக்குக்கு உயர்த்தியதைப் பொறுத்து வளர்கிறது. 200 தளங்களுக்கு அது 2,800 அலகு என்ற வரிசையில் இருக்கும். அதைப்போல் பத்து மடங்கை முதலில் ஓட்டி எறிந்துவிடுங்கள். பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

ஆல்ஃபா, பீட்டா இரண்டும் 0.2 ஆகி அடர்த்திச் சுவர் அலையும்போது நிலைமை மோசம். சுவர் ஒவ்வொரு பக்கமும் தாவும் வீதம், ஓட்டத்தை அடர்த்தி வித்தியாசத்தால் வகுத்தது: 0.16/0.6 = 0.267. 200 தளங்களில் அது தன் பழைய இடத்தை மறக்கவே ஏறத்தாழ 15,000 அலகு ஆகும். 10,000 அலகு மட்டும் ஓட்டியவர் பார்ப்பது சுவரின் ஒரே ஓர் உலாவை. அவருக்கு நேர்கோடு வராது, நடுவில் எங்கோ ஒரு வளைந்த படி வரும். அடுத்த ஓட்டத்தில் அந்தப் படி வேறிடத்தில் இருக்கும். நம்பத்தக்க 1,000 இருப்பிடங்கள் வேண்டுமென்றால் ஒன்றரைக் கோடி அலகு, அதாவது சுமார் 300 கோடி முயற்சிகள். வெறும் பைத்தான் சுழற்சியில் ஓட்டினால் மடிக்கணினி மணிக்கணக்கில் சுடும். அதே சுழற்சியை நம்பாவிலோ (பைத்தானை வேகமாக ஓட்டும் கருவி) சி மொழியிலோ எழுதினால் நிமிடக் கணக்கில் முடியும். இதற்காக மீத்திறன் கணினியில் இடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

பிழை மதிப்பிட, தரவை நீளமான துண்டுகளாக வெட்டி, துண்டுச் சராசரிகளின் சிதறலைப் பாருங்கள். துண்டின் நீளத்தை இரட்டிக்கும்போதெல்லாம் பிழை ஏறிக்கொண்டே போனால், துண்டு இன்னும் போதவில்லை.

அணி முறை என்கிறார்களே, அது தெரியாமல் முடியாதா?

சிமுலேஷனுக்குத் தேவையில்லை. ஆனால் சிறிய வரிசைகளுக்குத் துல்லியமான விடை வேண்டுமானால் அதைவிட அழகான கருவி இல்லை. 1993இல் டெரிடா, எவன்ஸ், ஹக்கீம், பாஸ்கியே நால்வரும் தந்தது: நிறைந்த தளத்துக்கு ஓர் அணி, காலித் தளத்துக்கு ஓர் அணி. வரிசையில் உள்ளபடியே அவற்றைப் பெருக்கினால் அந்த அமைப்பின் எடை. நிறைந்ததற்கு வலப்பக்கம் காலி வந்தால், அந்தப் பெருக்கலை இரண்டு அணிகளின் கூட்டலாக மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு விதியும் முனைகளுக்கு ஒவ்வொரு விதியும் போதும். இரண்டு தள உதாரணத்தில் 10க்கு மட்டும் எடை 2 வந்தது இந்த விதியால்தான்: பெருக்கல் இரண்டு உறுப்பாகப் பிரிந்து ஆளுக்கு 1 தந்தது. ஆல்ஃபா, பீட்டா இரண்டும் 1 என்றால் எடைகளின் மொத்தம் 2, 5, 14, 42 என்று கட்டலான் எண்களாக ஏறும். ஒரு தள வரிசையின் 2ஐ இரண்டு தள வரிசையின் 5ஆல் வகுத்தால் ஓட்டம் 2/5.

தீவு விரைவுச்சாலைக்கு இதைப் பயன்படுத்தலாமா?

அப்படியே முடியாது, வாகனங்களுக்கு வேகம் உண்டு. 1992இல் நாகெலும் ஷ்ரெக்கன்பெர்கும் தந்த மாதிரியில் ஒரு கட்டம் 7.5 மீட்டர், ஒரு படி ஒரு நொடி. ஒவ்வொரு நொடியும் வேகத்தை ஒன்று கூட்டு, முன்னால் உள்ள இடைவெளிக்கு மேல் இருந்தால் குறை, ஒரு நிகழ்தகவில் காரணமில்லாமல் ஒன்று குறை, நகர். எல்லாம் ஒரே சமயத்தில்.

அவர்கள் உச்ச வேகத்தை 5 என்று வைத்தார்கள். அது மணிக்கு 135 கி.மீ. நம் விரைவுச்சாலைகளின் வரம்பு 70 முதல் 90 வரை. எனவே 3 என்று வையுங்கள், 81 கி.மீ. வரும். நெரிசல் இல்லாத நேரத்தில் ஒட்டுறவு வளைகோட்டில் பக்கத்துக் கட்டங்களில் பள்ளமும், உச்ச வேகத்தைவிட ஒன்று கூடிய தூரத்தில், அதாவது நான்காவது கட்டத்தில், ஒரு மேடும் தெரியும். அதுதான் ஓட்டுநர்கள் விடும் குறைந்தபட்ச இடைவெளி. உச்ச வேகத்தை மாற்றிப் பாருங்கள், மேடு கூடவே நகரும்.

ரைபோசோமுக்கு?

ஒரு ரைபோசோம் ஏறக்குறைய 10 கோடான் (ஆர்என்ஏ இழையின் மூன்றெழுத்துத் தொகுதி) நீளத்தை மறைக்கும். எனவே துகளுக்கு நீளம் உண்டு. உச்ச ஓட்டம் 1/4 அல்ல. 1ஐ (1 + நீளத்தின் வர்க்கமூலம்) இன் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். 10க்கு 0.058. ஒரு ரைபோசோமின் முனையிலிருந்து 1 முதல் 9 கோடான் தூரத்தில் இன்னொன்றின் முனை இருக்கவே முடியாது. அந்தப் பகுதியில் ஒட்டுறவு அடர்த்தி வர்க்கத்தின் குறை எண். அதன் பிறகு 10, 20 என்ற தூரங்களில் மேடுகள். இதைத் தாவலின் விளைவு என்று வாசிக்கவேண்டாம். உடல் பருமன்தான் காரணம்.

இரு பரிமாணத்தில்?

கதையே மாறிவிடும். துகள்களுக்குள் ஈர்ப்பும் ஒரு திசையில் விசையும் இருக்கும் மாதிரியைக் கட்ஸ், லெபோவிட்ஸ், ஸ்போன் 1983இல் அறிமுகப்படுத்தினார்கள். சமநிலையில் வேகமாக அற்றுப்போகும் ஒட்டுறவு, விசை வந்ததும் உயர்ந்த வெப்பநிலையிலும் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகத்தான் குறைகிறது. விசையின் திசையில் ஒரு குறி, குறுக்கே மறு குறி. முதல் ஆய்வுத்திட்டத்துக்கு இதைத் தொடவேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அறிக்கையில் எந்த வரைபடத்தை முதலில் வைப்பது?

ஒட்டுறவு வளைகோட்டை அல்ல. தளங்களைக் கிடையாகவும் நேரத்தைக் கீழ்நோக்கியும் வைத்து, நிறைந்ததைக் கறுப்புப் புள்ளியாக இட்ட படத்தை வையுங்கள். 200 தளம், 15,000 அலகு, முப்பது அலகுக்கு ஒரு வரி என்றால் 500 வரி. ஒரு பக்கத்தில் அடங்கும். ஆல்ஃபா, பீட்டா 0.2 என்று வைத்து வரைந்தால், வெளுத்த பகுதிக்கும் கறுத்த பகுதிக்கும் நடுவே சுவர் கிறுக்கலாக இறங்குவது கண்ணுக்கே தெரியும். அதன் பக்கத்தில் சராசரி நேர்கோட்டையும், அதற்குப் பிறகு ஒட்டுறவையும் வைத்தால், +0.0225 எங்கிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்கமாட்டார்.